படிக்க வைத்தோம், பாதி வழியில் விடலாமா?

விஞ்ஞானி ரோகிணி கோட்போலே அம்மையாரின் வாழ்வு காட்டும் பாடம்

பொழுது விடியுமுன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குச் சட்டியும் கையுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டு ஏறி, எல்லை தாண்டி ஏலத் தோட்டங்களுக்குப் போவார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியில், மண்ணை ஒட்டிப் படர்ந்த சரத்தில் காய்க்கிறது. எனவே நாள் முழுவதும் குனிந்த முதுகு நிமிராமல் காய் எடுக்க வேண்டும். மழை உண்டு, அட்டைக் கடி உண்டு. பொழுது சாய்ந்ததும் மீண்டும் அதே ஜீப், அதே வளைவுகள்.

இப்படி உழைக்கும் தாய்மாருக்கு உள்ள ஆசை ஒன்றே ஒன்றுதான். "என் மகள் இந்த ஜீப்பில் ஏறக் கூடாது" என்பதே அது. அதற்காகத்தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். மகளும் படிக்கிறாள். கணக்கில் நல்ல மார்க்கு வாங்குகிறாள். கல்லூரியில் பௌதிகம், அதாவது இயற்பியல் எடுத்துத் தேறிவிடுகிறாள்.

அதன் பிறகுதான் சங்கடம் வருகிறது. "இவ்வளவு படித்தது போதாதா? இன்னும் படித்து என்ன ஆகப் போகிறாள்? பௌதிகத்தில் பெண்ணுக்கு என்ன வேலை?" என்று வீட்டில் கேள்வி எழுகிறது. பக்கத்து வீட்டிலும் எழுகிறது.

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் ரோகிணி கோட்போலே. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி, தமது 71-ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய கதையைப் போடி மலைச்சாரலில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்வது நல்லது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

சமையல் பாடம் மட்டும் போதுமா?

ரோகிணி 1952 நவம்பர் 12-ஆம் தேதி புனே நகரில் பிறந்தார். அங்கே பெண்கள் பள்ளி ஒன்றில் படித்தார். அந்தக் காலத்து வழக்கப்படி, அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை பெண்களுக்கு விஞ்ஞானப் பாடம் இல்லை. சமையல், வீட்டு நிர்வாகம் முதலியவற்றைக் கற்பிக்கும் மனையியல்தான் உண்டு. பெண்ணுக்கு அது போதும் என்று பெரியவர்கள் எண்ணிய காலம் அது.

ஆனால் உதவித் தொகைத் தேர்வு எழுத வேண்டுமானால் விஞ்ஞானம் தெரிந்திருக்க வேண்டும். சிறுமி ரோகிணி அதைத் தனியாகக் கற்றுக்கொண்டார். பிறகு தேசிய விஞ்ஞானத் திறமைத் தேர்விலும் வென்று உதவித் தொகை பெற்றார். பள்ளியில் கதவு இல்லாத இடத்தில், தேர்வு என்னும் ஜன்னல் வழியே அவர் விஞ்ஞானத்துக்குள் நுழைந்தார் என்று சொல்லலாம்.

புனேயில் சர் பரசுராம்பாவ் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்தார். பம்பாய் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. படித்தார். பிறகு கடல் கடந்து அமெரிக்கா போய், ஸ்டோனி புரூக் நகரில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக் கழகத்தில் 1979-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் கையில் கிடைத்ததும் அங்கேயே தங்கிவிடவில்லை. அதே 1979-இல் தாயகம் திரும்பினார். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார். 1982 முதல் 1995 வரை பம்பாய்ப் பல்கலைக் கழகத்தில் பாடம் நடத்தினார். 1995-இல் பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே பேராசிரியராக உயர்ந்தார். ஓய்வு பெற்ற பிறகும் கௌரவப் பேராசிரியராக ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

அவர் போய் அமர்ந்த இடம் எப்படிப்பட்டது என்பதையும் அறிய வேண்டும். 1933-இல் கமலா பகவத் என்ற மாணவி அதே கழகத்தில் இடம் கேட்டார். பெண் என்ற காரணத்தால் முதலில் மறுக்கப்பட்டது. அப்போது அங்கே தலைவராக இருந்தவர், நோபல் பரிசு பெற்ற நம் சர் சி.வி. ராமன்! மாணவி விடவில்லை. வாதாடினார். கடைசியில் சில நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. அந்தக் கமலாதான் பிற்காலத்தில் கமலா சோஹோனி என்று புகழ் பெற்ற உயிர் வேதியியல் நிபுணர். மாணவியாக நுழையவே ஒரு பெண் போராட வேண்டியிருந்த கழகத்தில், 62 ஆண்டுகளுக்குப் பிறகு ரோகிணி அம்மையார் ஆசிரியராக நுழைந்தார்.

வளைவில் வரும் இரண்டு ஜீப்புகள்

அவர் செய்த ஆராய்ச்சி என்ன?

விஞ்ஞானிகளில் இரு வகை உண்டு. ஒரு சாரார் கருவிகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள். மற்றொரு சாரார் காகிதமும் பேனாவும் கொண்டு, கணக்குப் போட்டு, இயற்கை எப்படி நடந்துகொள்ளும் என்று முன்கூட்டிச் சொல்கிறார்கள். இவர்களைக் கோட்பாட்டு விஞ்ஞானிகள் என்பர். ரோகிணி அம்மையார் இரண்டாம் வகை.

உலகப் பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை. அணுவுக்குள்ளே கரு இருக்கிறது. கருவுக்குள்ளே புரோட்டான், நியூட்ரான். அவற்றுக்கும் உள்ளே குவார்க்கு என்னும் நுண்ணிய துகள்கள். இவற்றைக் கண்ணால் காண முடியாது. துகள்களை மிக வேகமாக ஓட விட்டு, ஒன்றோடொன்று மோத விட்டு, சிதறுவதைப் பார்த்துத்தான் உள்ளே இருப்பதை அறிய வேண்டும். அதற்காக ஸ்விட்சர்லாந்து, பிரான்சு எல்லையில் ஜினீவா நகருக்கு அருகே, பூமிக்கு அடியில் 27 கிலோ மீட்டர் சுற்றளவில் ஒரு மாபெரும் இயந்திரம் அமைத்திருக்கிறார்கள். 'ஹிக்ஸ்' என்ற துகளைக் கண்டுகொண்டதாக 2012 ஜூலை 4-ஆம் தேதி உலகுக்கு அறிவித்தது இந்த நிலையம்தான்.

மோதலில் எண்ணற்ற துகள்கள் சிதறும். அவற்றில் எது புதியது, எது பழையது? ஏலச் சரத்தில் பிஞ்சும் பழுத்ததும் கலந்து கிடக்கும். கை தேர்ந்த பெண், பறிக்க வேண்டிய காயை மட்டும் பறிப்பாள். அதுபோல, சிதறிய குவியலில் எதைத் தேட வேண்டும், அது எந்த அடையாளத்தோடு வரும் என்று கணக்கிட்டுச் சொல்வது கோட்பாட்டு விஞ்ஞானியின் வேலை. ஹிக்ஸ் துகள், டாப் குவார்க்கு, இன்னும் கண்ணில் படாத புதிய துகள்கள் ஆகியவற்றைத் தேடும் வழிகளைப் பற்றி ரோகிணி அம்மையார் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

அவருடைய கண்டுபிடிப்பு ஒன்று ஜெர்மானிய விஞ்ஞானி மானுவல் டிரீஸ் பெயரோடு சேர்த்து வழங்குகிறது. போடிமெட்டுச் சாலையில், இருட்டில், எதிர் எதிரே இரண்டு ஜீப்புகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஜீப்புகள் ஒன்றையொன்று நெருங்குவதற்கு முன்பே, அவற்றின் விளக்கு வெளிச்சங்கள் சந்தித்துவிடும் அல்லவா? எலெக்டிரான் கற்றைகளை மிகுந்த வேகத்தில் எதிர் எதிராக ஓட விட்டாலும் இப்படி நடக்கிறது. கற்றைகள் நெருங்கும்போது ஒளியை வீசுகின்றன. அந்த ஒளியும் ஒளியும் மோதுகின்றன. நம் ஊர் விளக்கு வெளிச்சம் மோதினால் ஒன்றும் ஆகாது. அவ்வளவு வலிமை மிக்க ஒளி மோதினாலோ, துகள் குப்பை சிதறும்! குப்பை மிகுந்தால், தேடும் பொருள் அதில் மறைந்துவிடும். எதிர்காலத்தில் இயந்திரம் கட்டுவோர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருவரும் எச்சரித்தனர். இதற்கு 'டிரீஸ்-கோட்போலே விளைவு' என்று பெயர்.

போடி மக்களுக்கு இந்தத் துகள் விஷயம் அடியோடு புதிதல்ல. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை அடுத்த மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக் கூடம் அமைக்க வேண்டும் என்ற திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுரங்கத்துக்குள் 50,000 டன் எடையுள்ள காந்த இரும்புக் கருவி வைப்பது என்பது திட்டம். மலைக்கு என்ன ஆகும், நீருக்கு என்ன ஆகும் என்று ஊர் மக்கள் கேட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது. வழக்கு நீதி மன்றம் ஏறியது. அந்த வழக்கின் நியாயத்தை இங்கே நாம் பேசப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்லுவோம். ஆதரித்துப் பேசினாலும் சரி, எதிர்த்துப் பேசினாலும் சரி, பொட்டிப்புரத்துப் பெண் ஒருத்தி பௌதிகம் கற்று அந்தச் சபையில் நிபுணராக உட்கார்ந்து பேசினால், ஊருக்கு எவ்வளவு பலம்! நம் மலையைப் பற்றிப் பிறர் பேச, நாம் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாமா?

ஏல மலை தந்த விஞ்ஞானி

"நம் மலையில் பிறந்தவளுக்கு இதெல்லாம் எட்டுமா?" என்று ஐயுற வேண்டாம். முன்னமே எட்டியிருக்கிறது.

கம்பம், குமுளி வழியே மலை ஏறிப் போனால் பீருமேடு வரும். அங்கே 1918 ஆகஸ்டு 23-ஆம் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. அன்னா மாணி என்று பெயர். தந்தை பொறியாளர், ஏலத் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். எட்டாவது பிறந்த நாளுக்கு மகளுக்கு வைரத் தோடு போடுவது அந்த வீட்டு வழக்கம். சிறுமி அன்னா தோடு வேண்டாம் என்றாள். அதற்குப் பதில் 'என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா' என்ற கலைக் களஞ்சியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்!

அன்னா மாணி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துத் தேறினார். 1940-இல் உதவித் தொகை பெற்றுப் பெங்களூர் சென்று, சர் சி.வி. ராமனின் ஆய்வுக் கூடத்தில் சேர்ந்தார். வேடிக்கையைப் பாருங்கள். வைரத் தோட்டை வேண்டாம் என்றவருக்கு அங்கே கிடைத்த வேலை, வைரங்கள் ஒளியை எப்படி வாங்கி எப்படி உமிழ்கின்றன என்று ஆராய்வது! ஒரு படம் பதிய 15 மணி, 20 மணி நேரம் ஆகும். இரவில் ஆய்வுக் கூடத்திலேயே தூங்கி எழுந்து வேலை செய்தார். ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.

பட்டம் கிடைக்கவில்லை! எம்.எஸ்ஸி. பட்டம் இல்லாதவருக்கு டாக்டர் பட்டம் தர விதி இல்லை என்று சென்னைப் பல்கலைக் கழகம் கூறிவிட்டது. செய்த வேலை கண் முன்னே இருந்தது. விதி குறுக்கே நின்றது.

அன்னா மாணி கலங்கவில்லை. அரசாங்க உதவித் தொகையில் லண்டன் சென்றார். வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948-இல் திரும்பி வந்து, புனேயில் இந்திய வானிலை இலாகாவில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டிலிருந்து தருவித்த கருவிகளை இந்நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார். ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தினார். நாட்டில் வெயிலை அளக்கும் நிலையங்களை அமைத்தார். துணைத் தலைமை இயக்குநராக இருந்து 1976-இல் ஓய்வு பெற்றார். பிறகு காற்றின் சக்தியைப் பற்றிய அளவுகளைத் திரட்டி நூலாக்கினார். வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுக்கலாம் என்று இன்று பேசுகிறோமே, அதற்கு வேண்டிய அளவுகளை அன்றே எடுத்து வைத்தவர் ஏல மலையில் பிறந்த இந்தப் பெண்மணிதான். 2001-இல் அவர் மறைந்தார். கடைசி வரை டாக்டர் பட்டம் பெறவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. மரியா கோப்பர்ட் மேயர் என்ற ஜெர்மானியப் பெண்மணி 1930-இல் டாக்டர் பட்டம் பெற்ற பௌதிக நிபுணர். கணவரும் பேராசிரியர். புருஷன் வேலை பார்க்கும் இடத்தில் மனைவிக்குச் சம்பளம் இல்லை என்று அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் சொல்லிவிட்டன. ஆண்டுக் கணக்கில் ஊதியமின்றி ஆராய்ச்சி செய்தார். முழு நேரச் சம்பளத்தோடு பேராசிரியர் பதவி கிடைத்தது 1960-இல்! மூன்றே ஆண்டுகளில் நோபல் பரிசு வந்தது.

லீலாவதியின் மகள்கள்

ரோகிணி அம்மையார் தம் ஆராய்ச்சி உண்டு, தாம் உண்டு என்று இருந்திருக்கலாம். அப்படி இருக்கவில்லை. தமக்குப் பின்னால் வரும் பெண்கள் எங்கே நின்றுபோகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். இந்திய விஞ்ஞான அகாடமி, விஞ்ஞானத் துறைப் பெண்களுக்காக அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றுப் பாடுபட்டார்.

2008-இல் ராமகிருஷ்ண ராமசாமி என்ற பேராசிரியரோடு சேர்ந்து ஒரு நூல் தொகுத்தார். 'லீலாவதியின் மகள்கள்' என்பது பெயர். ஏறத்தாழ நூறு இந்தியப் பெண் விஞ்ஞானிகளின் வரலாறு அதில் இருக்கிறது. நம் அன்னா மாணியும் அதில் இடம் பெற்றிருக்கிறார்.

லீலாவதி யார்? 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை பாஸ்கரரின் மகள் என்று கதை சொல்வார்கள். அவளுக்குத் திருமண முகூர்த்தம் பார்க்க நீர்க் கடிகாரம் வைத்தார்களாம். ஆவலோடு எட்டிப் பார்த்தாளாம் பெண். அவள் அணிந்திருந்த முத்து ஒன்று உதிர்ந்து, கடிகாரத்தின் துளையை அடைத்துவிட்டதாம். நல்ல நேரம் தவறிப் போயிற்று, திருமணம் நின்றது. மகளைத் தேற்ற, பாஸ்கரர் தம் கணித நூலுக்கு அவள் பெயரையே வைத்தாராம். கதை உண்மையோ பொய்யோ, அதில் ஒரு கருத்து இருக்கிறது. முகூர்த்தம் தவறிய பெண்ணுக்குக் கணக்கு ஆறுதலாக வந்தது. இன்றைய பெண்ணுக்குக் கணக்கு ஆறுதல் மட்டும் அல்ல. அதுவே வாழ்வாகவும் ஆகலாம். லீலாவதியின் மகள்கள் நூறு பேர் அதை வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

இளம் பெண்களுக்கு வழி காட்ட 2011-இல் இன்னொரு நூலையும் அம்மையார் நண்பர்களோடு தொகுத்து வெளியிட்டார். இந்திய அரசு 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. பிரெஞ்சு அரசும் 2021-இல் உயரிய விருது தந்து பாராட்டியது.

குற்றம் யாருடையது?

விருதுகளைவிட முக்கியமான ஒன்று உண்டு. 2010-இல் அவரும் பெங்களூர் அறிஞர்கள் சிலரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டாக்டர் பட்டம் வரை படித்த பெண்களில் பலர் பிறகு ஆராய்ச்சியில் காணப்படுவதில்லையே, ஏன் என்று அந்தப் பெண்களிடமே கேட்டார்கள்.

"கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும், பெண் தானே விட்டுவிடுவாள்" என்பதுதான் ஊர் நம்பிக்கை. ஆய்வில் வெளிப்பட்டதோ வேறு. படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை என்று சொன்னவர்களே மிகுதி. குடும்பத்தையும் பிள்ளையையும் கவனித்துக்கொண்டே ஆராய்ச்சியில் நீடித்த பெண்களும் பலர் இருந்தனர்.

எனவே பெண்ணுக்கு மனம் இல்லை என்பதும், மூளை இல்லை என்பதும் தவறு. வழியில் உள்ள விதிகளும் வழக்கங்களும் அவளை நிறுத்திவிடுகின்றன. வேலைக்கு வயது வரம்பு ஒரு தடை. கணவன் ஓர் ஊர், மனைவி ஓர் ஊர் என்ற நிலை ஒரு தடை. குழந்தையை விட்டுச் செல்ல இடமின்மை ஒரு தடை. நேர்முகத் தேர்வில் "கல்யாணம் ஆயிற்றா, எப்போது ஆகும்?" என்ற கேள்வியும் ஒரு தடை. ஆணிடம் இந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள்?

இது பெண்களின் குறை மட்டும் அல்ல, நாட்டுக்கு நஷ்டம். ஏலக்காயை நட்டு, நிழல் காத்து, களை எடுத்து, பறித்து, உலர்த்தி, தரம் பிரித்த பிறகு, மூட்டையை மலைப் பாதையில் உருட்டிவிடுவோமா? ஒரு பெண்ணை இருபது ஆண்டுகளுக்கு மேல் படிக்க வைத்துவிட்டு, அவள் அறிவைப் பயன்படுத்தாமல் விடுவதும் அப்படிப்பட்டதுதான்.

நாம் செய்ய வேண்டியது

முதலில் வீடு. தாய்மார்களே, தந்தைமார்களே! மகள் விஞ்ஞானப் பாடம் கேட்டால் தடுக்காதீர்கள். மேலே படிக்க வெளியூர் போக வேண்டுமென்றால் அஞ்சாதீர்கள். 2010-இல் நின்றுபோன போடி ரயில், அகலப் பாதையில் 2023 ஜூனில் மீண்டும் ஓடத் தொடங்கியது. போடியில் ஏறினால் மதுரையில் இறங்கலாம்; சென்னையிலும் இறங்கலாம். போடியிலேயே ஏலத் தோட்டக்காரர் சங்கத்தின் கல்லூரியும், அரசுப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. மாப்பிள்ளை பார்க்கும்போது, "கல்யாணத்துக்குப் பிறகும் பெண் படிப்பாள், வேலைக்குப் போவாள்" என்று முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். சீர் பேசுவதைவிட இதைப் பேசுவது மேல்.

அடுத்து அரசு. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. கல்லூரி வாசல் வரை கொண்டுவந்து விட அது நல்ல உதவி. வாசலைக் கடந்து, எம்.எஸ்ஸி., ஆராய்ச்சி என்று போகிறவளுக்கு விடுதி வேண்டும்; உதவித் தொகை மாதா மாதம் தவறாமல் வர வேண்டும்; பிள்ளை பெற்று இரண்டு ஆண்டு நின்றவள் திரும்பி வந்தால் இடம் வேண்டும்.

மூன்றாவது, கல்வி நிலையங்கள். கணவனும் மனைவியும் படித்தவர்களாக இருந்தால் இருவருக்கும் ஒரே ஊரில் வேலை தர வழி காண வேண்டும். அலுவலகத்தோடு குழந்தைக் காப்பகமும் இருக்க வேண்டும். பிள்ளைப் பேற்றுக்காக விட்ட ஆண்டுகளை வயதுக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். இவை சலுகை அல்ல. முதல் போட்டவன் பயிரைக் காப்பது சலுகையா?

ரோகிணி அம்மையாருக்குப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை விஞ்ஞானப் பாடமே இல்லை. எனினும் உலகம் அறிந்த விஞ்ஞானி ஆனார். அன்னா மாணிக்குப் பட்டம் தர மறுத்தார்கள். எனினும் நாட்டின் வெயிலையும் காற்றையும் அளந்து தந்தார். தடைகளைத் தாண்டியவர்களைப் போற்றுகிறோம், சரிதான். தாண்ட முடியாமல் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. பெண்கள் எல்லாரும் தடை தாண்டும் வீராங்கனைகளாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. தடையை எடுத்துவிடுவதே நியாயம்.

இந்த ஆண்டு பௌதிகம் படித்துத் தேறும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால், "எப்போது கல்யாணம்?" என்பதற்கு முன்னால், "அடுத்து என்ன படிக்கப் போகிறாய், அம்மா?" என்று கேளுங்கள்.